டிரெய்லரில் இழுக்கும் சிறு பாய்மரப் படகா, பெருங்கடல் தாண்டும் பெரிய படகா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் கரைகளையும் ஏரிகளையும், அங்கே பழையதாக விலைக்கு வரும் படகுகளையும் மனதில் வைத்து எழுதியது. சிறியதற்கு எடுத்துக்காட்டு கேட்டலினா 22. பெரியதற்கு வெஸ்ட்செயில் 32. இரண்டும் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் படகுகள். இவற்றின் குணமும் குறையும் நன்றாகத் தெரிந்தவை.

எதை வைத்து முடிவு செய்வது?

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான நாட்காட்டியை வைத்து. பத்து ஆண்டு கழித்து பசிபிக் நடுவிலுள்ள தாகித்தித் தீவுக்குப் போகும் ஆசையை வைத்து இன்றைக்குப் படகு வாங்காதீர்கள். ஒரு தாள் எடுத்து, வரும் 24 மாதங்களில் தண்ணீரில் இருக்கக்கூடிய நாட்களை எண்ணி எழுதுங்கள். சனி, ஞாயிறு, கோடையில் இரண்டு வார விடுப்பு என்று மட்டும் வந்தால் சிறு படகுதான் உங்களுடையது. வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, தொடர்ந்து ஆறு மாதமாவது படகிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் பெரியதைப் பற்றிப் பேசலாம். இடைப்பட்ட நிலையில் இருப்பவர்கள் பெரிய படகு வாங்கினால், அது பெரும்பாலும் துறைமுகத்தில் கட்டியபடியே கிடக்கும்.

நீளத்தில் பத்து அடிதானே வித்தியாசம்?

நீளம் ஏமாற்றும், எடையைப் பாருங்கள். கேட்டலினா 22-இன் நீளம் 21.5 அடி, அகலம் 7 அடி 8 அங்குலம், எடை சுமார் 2,250 பவுண்டு, அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல். வெஸ்ட்செயில் 32-க்கு நீளம் 32 அடி, அகலம் 11 அடி, எடை சுமார் 19,500 பவுண்டு. நீளம் ஒன்றரை மடங்கு. எடை எட்டரை மடங்குக்கும் மேல். நங்கூரம், கயிறு, வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), இயந்திரம், பெயிண்ட், கிரேன் கூலி எல்லாம் எடையின் பின்னால்தான் போகும்.

கைக்கும் இது தெரியும். ஒரு டன் படகு மெதுவாகக் கரைமேடையை நெருங்கினால் கையால் தள்ளி நிறுத்திவிடலாம். ஒன்பது டன் படகு அதே வேகத்தில் வரும்போது காலை நீட்டித் தடுக்கப் பார்த்தால் எலும்பு முறியும். அங்கே ஃபெண்டரும் (மோதலைத் தாங்கும் மெத்தை), படகின் நடுவிலிருந்து கட்டும் ஸ்பிரிங் கயிறும்தான் வேலை செய்ய வேண்டும், உடம்பு அல்ல.

என் கார் சிறு படகை இழுக்குமா?

படகின் எடையை மட்டும் பார்த்து "3,500 பவுண்டு இழுக்கும் கார் போதும்" என்று முடிவு செய்வதுதான் வழக்கமான தவறு. கூட்டிப் பாருங்கள்: படகு 2,250, டிரெய்லர் 800 முதல் 1,000, அவுட்போர்டு இயந்திரம் 60, பெட்ரோல், தண்ணீர், நங்கூரம், பாய்கள், துணிமணி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 400. மொத்தம் 3,500-ஐத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். 5,000 பவுண்டு இழுக்கும் வண்டி இருந்தால் மலைச் சாலையிலும் நிம்மதி.

டிரெய்லரின் முன்முனை, வண்டியின் கொக்கி மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் வண்டியையே கவிழ்க்கும். லாரி எடைமேடையில் இதை அளக்கலாம். வண்டியிலிருந்து கழற்றிய டிரெய்லரை முழுவதும் மேடையில் நிறுத்தி ஒரு முறை, முன்முனைத் தாங்கி மட்டும் மேடைக்கு வெளியே இருக்கும்படி இன்னொரு முறை எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த அழுத்தம். குறைவாக இருந்தால் வின்ச் தூணை முன்னால் நகர்த்திப் படகை முன்னே கொண்டுவர வேண்டும்.

பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டம் கேட்காத மாநிலத்திலும் பொருத்திக்கொள்ளுங்கள். அகலம் 8.5 அடிக்குள் இருந்தால் பெரும்பாலான சாலைகளில் தனி அனுமதி வேண்டாம். 11 அடி அகல வெஸ்ட்செயில் சாலையில் போக அனுமதி, சிறப்பு லாரி, இரு முனையிலும் தூக்கி இறக்கும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் காசு.

வழியில் டிரெய்லர் ஏன் பழுதாகிறது?

நடுவழியில் நிற்கும் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சக்கர பேரிங், இல்லையென்றால் டயர். மூன்று மணி நேரம் ஓடிவந்த சக்கரத்தின் ஹப் (பேரிங் இருக்கும் நடுப்பகுதி) சூடாக இருக்கும். அதை உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். உப்புத் தண்ணீர் என்றால் சில வாரங்களில் பேரிங் துருப்பிடிக்கும். படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுக்கு வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். பாய்மரத்தை நிமிர்த்தி முடிக்கும்வரை ஆறவிட்டால் போதும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள். ஒரு பேரிங் செட், சீல், கிரீஸ், உபரிச் சக்கரம், டிரெய்லரைத் தூக்கக்கூடிய ஜாக்கி ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு ஆண்டு கடந்த டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் காய்ந்து சாகிறது.

பாய்மரத்தை ஒரே ஆள் நிமிர்த்த முடியுமா?

முடியும், ஆனால் வெறும் கையால் அல்ல. கேட்டலினா 22-இன் மரம் சுமார் 25 அடி நீளம். எடை பெரிய தொல்லை இல்லை. பாதி எழும்பிய நிலையில் பக்கவாட்டில் சாய்வதுதான் தொல்லை. ஜின் போல் என்னும் சிறு கம்பத்தை மரத்தின் அடியில் முன்னோக்கிப் பொருத்தி, அதன் நுனி வழியாகக் கப்பிக் கயிறு போட்டு இழுப்பதும், மரம் பக்கவாட்டில் சரியாமல் இருபுறமும் தற்காலிகக் கயிறு கட்டுவதும் வழக்கம்.

தொடங்குவதற்கு முன் தலைக்கு மேல் பாருங்கள். மரம் நிமிர்த்தும் இடத்திலிருந்து தண்ணீர்வரை போகும் பாதை முழுவதிலும் மின்கம்பி எதுவும் குறுக்கே போகக்கூடாது. அலுமினிய மரம் மின்கம்பியைத் தொட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறகு மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக் கம்பிகளின் டர்ன்பக்கிள்கள் (கம்பியை இறுக்கும் திருகுகள்) மடங்கிச் சிக்காமல் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். மடங்கிய டர்ன்பக்கிளை மரம் எழும்பும்போது இழுத்தால் திருகு வளைந்து அங்கேயே முறியும். மரம் நேரானதும் முன்கம்பியைப் பின் போட்டு, அந்தப் பின் கழலாதபடி சிறு வளையமும் மாட்டிய பின்னரே கயிற்றை விடுங்கள். முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும். பழகிய பின் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் படகு தண்ணீரில் இருக்கும்.

இந்த ஒரு மணி நேரம்தான் சிறு படகின் உண்மையான விலை. மாலை வேலை முடிந்து இரண்டு மணி நேரம் மட்டும் பாய் விரிக்க நினைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் கோடை மாதங்களுக்கு மட்டும் மரத்தோடு நிறுத்திவைக்க ஓர் இடம் வாடகைக்கு எடுப்பது நல்லது.

ஏற்றி இறக்கும் கீல் நம்பத்தக்கதா?

படகின் அடியில் எடையாகத் தொங்கும் கீலை நம் மீனவர்கள் ஏரா என்பார்கள். கேட்டலினா 22-இன் ஆடும் கீல் சுமார் 550 பவுண்டு வார்ப்பிரும்பு. மேலே தூக்கினால் 2 அடி ஆழம் போதும். இறக்கினால் 5 அடி. மணல்திட்டுவரை போய் நிற்க முடிவது இதனால்தான்.

தூக்கும் கம்பிவடம், அது கீலோடு சேரும் இணைப்பு, கீல் சுழலும் அச்சு ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் பாருங்கள். வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். அறுந்தால் 550 பவுண்டு ஒரே வீச்சில் கீழே ஆடி, அடிப்பாகத்தை உடைக்கக்கூடும். அலையில் நங்கூரமிட்டிருக்கும்போது அடியில் "டக், டக்" என்று கேட்டால் அச்சுத் துளை தேய்ந்திருக்கிறது. திறந்த நீரில் கீலின் பூட்டுத் திருகை இறுக்குங்கள். ஆழமற்ற நீரில் தளர்த்துங்கள், தரை தட்டினால் கீல் மேலே மடங்க வேண்டும்.

காக்பிட்டில் (படகோட்டுபவர் உட்காரும் திறந்த இடம்) உள்ள பெட்டியின் மூடியையும் தாழிடுங்கள். பலத்த காற்றில் படகு பக்கவாட்டில் படுத்தால், திறந்த மூடி வழியாகத் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும். மிதவை நுரை இல்லாத படகு அப்படியே மூழ்கும். மெக்கிரிகர் 26 போன்ற படகுகளில் நுரை உண்டு. ஆனால் அவற்றின் நிலைப்பு அடித்தொட்டியில் நிரப்பும் தண்ணீரை நம்பியது. தொட்டி நிரம்பாமல் ஆட்களை ஏற்றினால் கவிழும்.

சிறு படகில் உலகைச் சுற்றியவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ராபின் லீ கிரகாம் 1965-இல் 16 வயதில் 24 அடிப் படகில் கிளம்பினார். டானியா ஏபி 1985 முதல் 1987 வரை 26 அடி கான்டெஸாவில் சுற்றினார். கிளம்பும்போது வயது 18. வெப் சைல்ஸ் தம் எழுபதுகளில், 2014-இல் கிளம்பி 2019-இல், மூர் 24 என்னும் ஒரு டன் எடைப் படகில் சுற்றி முடித்தார். ஆனால் கான்டெஸா 26-க்கும் மூர் 24-க்கும் அசையாத கீல். கிரகாமும் பயணத்தின் பிற்பகுதிக்கு 33 அடிப் படகுக்கு மாறிக்கொண்டார்.

படகு எந்த நீருக்குக் கட்டப்பட்டது என்பதை ஐரோப்பிய வகைப்பாடு தெளிவாகச் சொல்கிறது. 'சி' வகை: காற்று பியூஃபோர்ட் என்னும் காற்று வலிமை அளவில் 6, அலை 2 மீட்டர் வரை. 'பி' வகை: காற்று 8, அலை 4 மீட்டர் வரை. 'ஏ' வகை அதற்கும் மேல். டிரெய்லர் படகுகள் பெரும்பாலும் 'சி'யின் வேலைக்குரியவை.

1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்த பிறகு, கவிழும் தன்மையைத் தோராயமாகக் கணிக்க ஒரு கணக்கு பரவலானது. எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அகலத்தை (அடியில்) வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழ் இருந்தால் பெருங்கடலுக்கு ஏற்றது. வெஸ்ட்செயிலுக்கு 1.63 வருகிறது, கேட்டலினா 22-க்கு 2.34. கீலின் எடை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆகவே வடிகட்டவே உதவும், தீர்ப்புக்கு உதவாது. கையில் கிடைத்தால், படகு எத்தனை பாகை சாய்ந்தபின் திரும்ப நிமிராது என்ற எண்ணைத் தேடுங்கள். பெருங்கடலுக்கு 120 பாகை அல்லது அதற்கு மேல் வேண்டும்.

தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். பிறகென்ன தடை?

சுமை. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு சுமார் 2,700 கடல் மைல். நாளுக்கு 100 மைல் ஓடும் சிறு படகுக்கு 27 நாள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் வீதம் இரண்டு பேருக்கு 216 லிட்டர் தண்ணீர், தாமதத்துக்குப் பாதி கூட்டினால் 320 லிட்டருக்கும் மேல். தண்ணீர் மட்டுமே 320 கிலோ! ஒரு டன் படகில் இதோடு சாப்பாடு, உயிர்காப்புத் தெப்பம், கருவிகள் ஏற்றினால் படகு அமிழும், மந்தமாகும், பின்பக்கம் அலை ஏறும். ஒன்பது டன் படகுக்கு அதே சுமை பொருட்டே இல்லை.

வேகத்தில் பலரும் நினைக்குமளவு வித்தியாசம் கிடையாது. நீர்மட்டத்தில் படகின் நீளமான நீர்க்கோட்டு நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் தோராயமாகக் கிடைக்கும்: கேட்டலினாவுக்கு 5.9 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்), வெஸ்ட்செயிலுக்கு 7. ஆனால் எதிர் அலையில் சிறு படகு ஒவ்வொரு அலைக்கும் நின்று நின்று போகும். கனமான படகு ஊடுருவிப் போகும். உள்ளே இருப்பவர்கள் தூங்க முடிவதும் முடியாததும் இதில்தான் இருக்கிறது.

பஹாமாஸ் போக எது வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் சிறு படகின் பலமும் எல்லையும் ஒன்றாகத் தெரியும். மயாமி அருகிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவு ஏறக்குறைய நேர் கிழக்கே, 45 கடல் மைல் அளவில். நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. சராசரி 2.5 நாட் என்று கொண்டு, உங்கள் படகு 5 நாட் ஓடினால், பிமினியை நோக்கி அல்ல, அதற்கு 30 பாகை தெற்கே முகம் வைக்க வேண்டும். அப்போது கிழக்கே முன்னேறுவது 4.3 நாட், கடக்கப் பத்தரை மணி நேரம். அதிகாலை இருட்டில் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் சேரலாம்.

காற்றில் வடக்கு கலந்திருந்தால், வடமேற்கோ வடகிழக்கோ எதுவானாலும், கிளம்பாதீர்கள். வடக்கே ஓடும் நீரை எதிர்த்து அது அடிக்கும்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். நல்ல வானிலைக்காக ஐந்து நாள் காத்திருக்கத் தயாராக இருப்பவரைச் சிறு படகு கொண்டுபோய்ச் சேர்க்கும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டியவரைத்தான் எந்தப் படகும் ஆபத்தில் மாட்டிவிடும்.

செலவு?

பழைய கேட்டலினா 22 டிரெய்லரோடு சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். வீட்டு முற்றத்தில் நிற்கும். நிறுத்த வாடகை இல்லை. ஜூன் முதல் நவம்பர்வரை சூறாவளிக் காலத்தில் புயல் வருகிறதென்றால் இழுத்துக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்விடலாம்.

பெரிய படகில் வாங்கும் விலையை விட வைத்திருக்கும் விலையைக் கணக்கிடுங்கள். படகின் மதிப்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் மலிவாக வாங்கிய பழைய படகுக்கு அது போதாது. 20,000 டாலருக்கு வாங்கினாலும் அதன் பாய்களும் இயந்திரமும் 35 அடிப் படகின் விலையில்தான் வரும். நிறுத்த இடம் அடிக்கு மாதம் 15 டாலர் என்று வைத்தால் 35 அடிக்கு ஆண்டுக்கு 6,300 டாலர். இதன் மேல் காப்பீடு, அடிப்பாகத்துக்குப் பாசி ஒட்டாத பெயிண்ட், 10 முதல் 15 ஆண்டுக்கொரு முறை மரத்தைத் தாங்கும் கம்பிகள் முழுவதும். நங்கூரச் சங்கிலிகூட வேறு உலகம்: 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். 60 மீட்டருக்கு 130 கிலோவைத் தாண்டும், அதைத் தூக்க மின் வின்ச் வேண்டும். சிறு படகுக்கு ஐந்து கிலோ நங்கூரம், ஐந்து மீட்டர் சங்கிலி, 45 மீட்டர் கயிறு போதும்.

பழைய பெரிய படகில் எதைத் தட்டிப் பார்ப்பது?

படகைச் சோதித்துச் சொல்லும் தொழில்முறைச் சர்வேயரை அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தை அடி அடியாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நலம். மொத்தென்று கேட்டால் உள்ளே பால்சா மரம் நனைந்து அழுகியிருக்கிறது. கம்பிப்பிடித் தூண்களின் அடியில்தான் இது முதலில் தொடங்கும்.

பக்கக் கம்பிகள் படகோடு சேரும் எஃகுப் பட்டைகள், மேல்தளத்தை ஊடுருவும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு காற்று படாத ஈரத்தில் வெடிப்பு விடும். வெளியே பளபளப்பாகவே தெரியும். அங்கே பழுப்புக் கசிவு தெரிந்தால் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

நீர்க்கோட்டுக்குக் கீழே இருக்கும் குழாய் வால்வுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடுங்கள். அசையாதது வால்வே அல்ல. லேசாகச் சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும் உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்துபோயிருக்கிறது. அது கையோடு ஒடிந்து வரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டா?

ஃபிளிக்கா 20. நீளம் 20 அடி, அகலம் 8 அடி. சாலையில் அனுமதியின்றிப் போகும், பெருங்கடலும் தாண்டியிருக்கிறது. ஆனால் எடை 5,500 பவுண்டுக்குக் குறையாது, அசையாத கீல் 3 அடி 3 அங்குலம். பெரிய பிக்கப் வண்டி வேண்டும். பெரும்பாலான சரிவுகளில் இறக்க முடியாது, கிரேன்தான். இடம் மாற்ற டிரெய்லர், வாராவாரம் ஏற்றி இறக்க அல்ல என்று புரிந்துகொண்டு வாங்குபவருக்கு அருமையான படகு.

இன்னொரு வழி மடக்கும் டிரைமரன், அதாவது மூன்று உடல் கொண்ட படகு. கோர்சேர் எஃப்-27 மடக்கினால் 8.5 அடிக்குள், விரித்தால் சுமார் 19 அடி. மிக வேகம், ஆனால் சுமை ஏற்றினால் அந்த வேகம் போய்விடும். கட்டுமரம் என்னும் நம் சொல் கேட்டமரனாகி, அதன் வழியில் டிரைமரன் என்ற பெயரும் பிறந்தது.

குடும்பத்தோடு இரவு தங்க முடியுமா?

சிறு படகில் இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகள், மூன்று இரவு. அதற்கு மேல் நெருக்கடி. நிமிர்ந்து நிற்க முடியாது. கழிப்பறை என்பது கையில் தூக்கிப்போய்க் கொட்டும் பெட்டி. வீட்டில் இருப்பவர்கள் இதற்கு ஒப்புவார்களா என்று படகு வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கிப் பாருங்கள். பெரிய படகில் தொட்டியோடு கழிப்பறை உண்டு. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக்கூடாது.

கடைசி ஆசை பெருங்கடல்தான். சிறியதில் தொடங்கினால் காலம் வீணாகாதா?

வீணாகாது. பாயின் கோணத்தில் செய்த தவறைச் சிறு படகு அந்த நொடியே சொல்லிவிடும். பெரியது அரை மணி கழித்துச் சொல்லும். இரண்டு கோடையில் இவற்றைச் செய்யுங்கள்: 20 நாட் காற்றில் பாயைக் குறுக்கிக் கட்டுவது, இயந்திரம் இல்லாமல் நங்கூரம் போட்டு எடுப்பது, விழுந்த ஆளை எடுக்கும் பயிற்சி பத்து முறை, ஓர் இரவு முழுவதும் ஓட்டம். பிறகு வேறொருவர் பெரிய படகில் ஆளாகச் சேர்ந்து ஒரு நீண்ட கடப்புப் போய்வாருங்கள். நான்காவது நாள் காலை, வாந்தியும் தூக்கமின்மையும் கடந்த பின், இன்னும் போக வேண்டும் என்று தோன்றினால் சர்வேயரைக் கூப்பிடலாம். கேட்டலினாவை அதுவரை விற்க வேண்டாம்.